ரத்தம் ஊறுகிற ஊசி

1

இன்று காலை வைட்ஃபீல்ட் மெட்ரோவில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசியில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு செய்தி வந்தது. உங்கள் செல்லக் குழந்தைக்கு ஐந்து வயது நெருங்குகிறது, பூஸ்டர் தடுப்பூசிக்கு நேரம் குறித்துக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் எழுதி, முடிவில் பலூன் படம் போட்டிருந்தார்கள். என் மகள் நிலாவுக்கு இரண்டரை வயதுதான் ஆகிறது. அவர்கள் சொல்லும் குழந்தை பிறக்கவே இல்லை. ஐந்தாம் மாதத்து ஸ்கேனில் அதற்குத் துடிப்பு நின்றுபோயிருந்தது. அதை எனக்குச் சொன்னதும் இதே ஆஸ்பத்திரிதான்.

இந்தச் செய்தியை நிறுத்தச் சொல்லி நேரில் போய்க் கேட்டிருக்கிறேன். கவுன்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினாள். சிஸ்டத்தில் அந்தக் கர்ப்பம் இன்னும் திறந்தே இருக்கிறதாம். பிரசவ விவரத்தைப் போட்டால்தான் மூட முடியுமாம். பிரசவம் நடக்கவில்லை என்றேன். அப்படியென்றால் மூடுவதற்கு அவர்களுக்கு வழியில்லை, மெயில் அனுப்புங்கள் என்றாள். அனுப்பினேன். பிறக்காத அந்தக் குழந்தை வருடா வருடம் ஆஸ்பத்திரிக் கணினியில் வளர்ந்துகொண்டு வருகிறது.

ஊரில் என்னைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. அமுதா பெங்களூருக்குப் போய்ப் பெரிய ஆளாகிவிட்டாள், படித்த திமிரில் கூடப் பிறந்த தங்கையின் குடித்தனத்தையே கலைக்கப் பார்த்தாள் என்கிறார்கள். யாரும் என்னிடம் நேராகக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

2

எங்கள் ஊர் ஊத்தங்கரைக்குப் பக்கம். பெங்களூரில் காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு புலம்பெயர்ந்தவள் என்று என்னைச் சொல்லிக்கொள்வது சிலருக்குச் சிரிப்பாக இருக்கும். கடல் தாண்டிப் போனவர்கள்கூட வருடத்துக்கு ஒரு தடவை ஊர் திரும்புகிறார்கள். நான் இந்த வருடம் ஒரு தடவையும் போகவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. அப்பா செண்ட்ரிங் வேலைக்காரர். வைட்ஃபீல்டில் எத்தனையோ கட்டடங்களுக்குப் பலகை அடித்தவர், அந்தத் தகரக் கொட்டகைகளிலேயே படுத்துத் தூங்கியவர். எது எந்தக் கட்டடம் என்று அவருக்கு இப்போது அடையாளம் தெரியவில்லை. நான் பி.இ. முடித்து அதே வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்த அன்று அவரிடம் போனில் சொன்னேன். ஏசி இருக்குமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இருக்கிறது என்றதும் வைத்துவிட்டார்.

கல்யாணமாகிப் போனது பெங்களூரிலேயே நீலசந்திராவுக்கு. என் வீட்டுக்காரர் சரவணன் ஏசி மெக்கானிக். அவர்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக பெங்களூர்வாசிகள். என் மாமியார் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தவர். அவர் ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து, நடுவில் கன்னடத்தில் திட்டி, உருதுவில் முடிப்பார். எனக்குப் புரியாத பகுதிகளில்தான் விஷயம் இருக்கும் என்று கொஞ்ச நாளில் தெரிந்துகொண்டேன்.

முதல் கர்ப்பம் மூன்றாம் மாதம் முடிவதற்குள் கலைந்தது. இது சகஜம், அடுத்ததைப் பாருங்கள் என்றார் அப்போது பார்த்த டாக்டர். அடுத்தது ஐந்தாம் மாதத்தில் போனது. அதற்கு எல்லோரிடமும் காரணம் இருந்தது. ஆபீஸ் ஷட்டிலில் குலுங்கிக்கொண்டு போனதால் என்றார்கள். மடியில் லேப்டாப் வைத்ததால் என்றார் மாமியார். ஊரில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பூசாரியின் முன் உட்கார வைத்தாள். படிப்பு முடியட்டும், வேலை கிடைக்கட்டும் என்று வயதைத் தள்ளிப்போட்டதால் வந்தது என்று பூசாரி வாய் திறப்பதற்கு முன்பே அத்தை ஒருத்தி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். எனக்கு அப்போது வயது இருபத்தாறு.

கம்பெனியில் லீவு கேட்டேன். இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பிரசவம், தத்தெடுப்பு என்று இரண்டு காரணங்கள் மட்டும் இருந்தன. எனக்கு நேர்ந்தது அதில் இல்லை. சட்டத்தில் இதற்கு லீவு உண்டு என்று எழுதிக் கேட்டேன். மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழை இணைக்க மறந்துவிட்டீர்கள் என்றாள்.

3

அதன் பிறகுதான் வேறொரு டாக்டரிடம் போனோம். தும்கூர்க்காரர், கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பேசுவார். வயிற்றை அழுத்திப் பரிசோதித்துக்கொண்டே நர்ஸ் "நோவு இதியா?" என்றாள். நோவு என்பது எங்கள் வீட்டுச் சொல். காலேஜில் அதைச் சொல்லப்போய் எல்லோரும் சிரித்த பிறகு வலி என்று மாற்றிக்கொண்டிருந்தேன். கன்னடக்காரி வாயால் அதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. ரொம்ப வலிக்கிறதாக நினைத்து அவள் கையை எடுத்துவிட்டாள்.

ரத்தப் பரிசோதனை செய்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி செய்தார்கள். இரண்டு முறையும் அதே முடிவு வந்தால்தான் நோய் என்று சொல்லலாமாம். வந்தது. ஆன்டி பாஸ்போலிபிட் சிண்ட்ரோம். வெளியிலிருந்து வரும் கிருமியை எதிர்க்க வேண்டிய காவல், ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே எதிர்க்கிறது. அதனால் ரத்தம் தேவையில்லாத இடத்தில் உறைகிறது. நஞ்சுக்கொடியில் உறைந்தால் பிள்ளைக்குப் போக வேண்டியது போகாது. டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். நீ எதையும் தூக்கியதாலோ, எங்கேயும் ஏறியதாலோ இது நடக்கவில்லை என்றார். அத்தனை பேர் அத்தனை காரணம் சொன்ன பிறகு, எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

வைத்தியமும் இருந்தது. கர்ப்பம் உறுதியானதிலிருந்து தினமும் சின்ன ஆஸ்பிரின் மாத்திரை. தினமும் வயிற்றுத் தோலுக்கடியில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு ஊசி, நாமே போட்டுக்கொள்ள வேண்டும். பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் போட வேண்டும். ஊசி போட்ட இடமெல்லாம் கன்றிப்போகும். என் வயிறு நாவற்பழம் நசுக்கிய துணி மாதிரி ஆனது.

அம்மா பார்க்க வந்தபோது நான் ஊசி போட்டுக்கொள்வதைப் பார்த்துவிட்டாள். எதற்கு என்று கேட்டாள். ரத்தத்தை இளக்க என்றேன்.

"ரத்தம் கெட்டியா இருந்தாத்தானடி புள்ள நிக்கும்? தண்ணியாக்கிட்டா எதுல ஒட்டும்?"

அவளுடைய நியாயத்தில் பிழை சொல்ல முடியாது. எங்கள் பக்கம் கர்ப்பமான பெண்ணுக்குச் செய்வதெல்லாம் ரத்தம் ஊற வைப்பதற்குத்தான். பேரீச்சம்பழம், பீட்ரூட், ஆட்டு மண்ணீரல், சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரை. வெளுத்துப்போய்ப் பிரசவத்தில் செத்த பெண்களைப் பார்த்த ஊர் அது. ரத்தத்தை இளக்குவது என்றால் ஆளைக் கொல்வது என்றுதான் அவளுக்குக் கேட்கும். டாக்டர் வரைந்த படத்தை நானும் வரைந்து காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, இது பரம்பரையா என்று கேட்டாள். பெரும்பாலும் இல்லை, சில குடும்பங்களில் வரலாம் என்றேன். அவள் முகம் மாறியது.

தங்கை பவிக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரத்தத்தில் வியாதி என்ற பேச்சுக்கு எங்கள் ஊரில் என்ன பொருள் என்று ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெண் பார்க்க வந்த அன்று என்னை வர வேண்டாம் என்றார்கள். ஆபீஸில் லீவு இல்லை என்று சொல்லிக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் போனேன், ஆனால் புடவையை உயர்த்திக் கட்டச் சொல்லி அம்மா மண்டப அறையிலேயே இரண்டு முறை சரிபார்த்தாள். வயிற்றில் நிலா இருந்தாள். மூத்த பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று அம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள். அந்தப் பெருமைக்குக் காரணமான ஊசித் தடத்தை மட்டும் புடவைக்குள்ளேயே வைத்திருக்கச் சொன்னாள்.

என் மாமியாரை இதில் நல்லவராகக் காட்ட முடியாது. எங்கள் வீட்டுக் கதையைக் கேட்டுவிட்டு, "உங்க ஊர் ஆளுங்களுக்கு உயிர் போனா பர்வாயில்ல, பேரு போவக்கூடாது" என்றார். ரொம்ப நாள் கழித்து எதிர்வீட்டுப் பெண் என்னிடம் சர்க்கரை இப்போது எவ்வளவு இருக்கிறது என்று விசாரித்தாள். மருமகள் சர்க்கரைக்கு ஊசி போடுகிறாள் என்றுதான் நீலசந்திராவில் எங்கள் சந்து முழுவதும் அவர் சொல்லி வைத்திருந்தார்.

4

நிலா எடை குறைவாக, நாள் கொஞ்சம் முன்னதாக, உயிரோடு பிறந்தாள். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரவில்லை என்று ஊரில் குறை. ஊசியை எப்போது நிறுத்தி எப்போது வலி வரவைப்பது என்று நேரம் பார்த்துச் செய்ய வேண்டிய பிரசவம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். தாய் வீட்டுச் சோறு பிடிக்காத பெண் என்று ஆனேன்.

நிலாவுக்கு ஒரு வயதானதும் ஊருக்குக் கூட்டிப் போனேன். பகலெல்லாம் டே கேரில் கன்னடம் கேட்டு வளர்கிறவள். அம்மா ஆசையாகச் சோறு பிசைந்து உருட்டி நீட்டியதும், நிலா "பேடா" என்று தலையைத் திருப்பினாள். வேண்டாம் என்று அர்த்தம். அம்மா கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். ரத்தம்தான் நம்முடையது, வாய் அவர்களுடையது என்றாள். ரத்தத்தைப் பற்றி மட்டும் அவள் எதுவும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அந்த முறைதான் பவியும் வந்திருந்தாள். நான்கு மாதக் கர்ப்பம். அவளைக் கட்டிய சதீஷ் தக்காளி லோடு ஓட்டுகிறவன், நல்ல மாதிரி. நான் பவியைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடு என்றேன். எனக்கு ஒன்றும் கலையவில்லையே அக்கா என்றாள். அதுவும் சரிதான். அக்காவுக்கு இருப்பதால் மட்டும் தங்கைக்கு இருக்க வேண்டும் என்று இல்லை. விட்டுவிட்டேன். அடுத்த மாதமே போன் வந்தது. ஸ்கேன் அறையில் என்ன சொன்னார்கள் என்று பவி அழுதுகொண்டே சொல்லச் சொல்ல, அடுத்த வாக்கியம் என்னவென்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

அம்மா போனை வாங்கினாள். பவிக்கு அடுப்படியில் கால் வழுக்கிவிட்டது, அதனால்தான் என்றாள்.

"உனக்கு ஆன மாதிரி இல்ல இது. நீ வேற மாதிரி. இவளுக்குக் கால் தவறிடுச்சு, அவ்ளோதான்."

காலே தவறவில்லை என்று பவி பின்னால் என்னிடம் சொன்னாள்.

பவியைப் பரிசோதனைக்கு பெங்களூர் வரவழைக்கப் பொய் ஒன்றுதான் வழியாக இருந்தது. முதல் முறைக்கு நிலாவுக்குக் காது குத்துவதாகச் சொன்னோம். மூன்று மாதம் கழித்து இரண்டாவது பரிசோதனைக்கு சிவாஜி நகரில் துணி எடுப்பதாகச் சொன்னோம். அதற்காக உண்மையிலேயே இரண்டு சுடிதார் எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். சதீஷுக்கு எல்லாம் தெரியும். அவனுடைய ஒரே நிபந்தனை, அவன் அம்மாவுக்குத் தெரியக்கூடாது.

இரண்டு முறையும் இருந்தது.

5

பவி மறுபடி உண்டானதும் ஊசி ஆரம்பித்தார்கள். தர்மபுரியில் ஒரு டாக்டர் பார்த்துக்கொண்டார். மாமியாரும் இருக்கும் வீட்டில் தினமும் ஊசி போட்டுக்கொள்வதை எப்படி மறைப்பது? வழி கண்டுபிடித்தவள் என் அம்மா.

"ரத்தம் ஊறுற ஊசின்னு சொல்லிக்கலாம். உடம்புல ரத்தம் கம்மி, டாக்டர் எழுதிக் குடுத்துட்டாருன்னு. யாரு போய்ப் படிச்சுப் பாக்கப் போறாங்க?"

நான் கூடாது என்றேன். நேர் எதிரான பொய் அது, இன்றில்லாவிட்டால் நாளைக்கு ஒருத்தர் உயிருக்கு வினையாக வரும் என்றேன். நீ வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஒன்றும் வராது என்று அம்மா சொன்னாள். அப்பா வெளியே எழுந்து போய்விட்டார். கூடாது என்று சொன்னது நான்தான் என்றாலும், அந்த வீட்டில் வாழப்போவது பவி. அவளிடம் கேட்டேன். "அம்மா சொல்றதே இருக்கட்டும்க்கா" என்றாள்.

பொய் நன்றாக வேலை செய்தது. எதிர்பார்த்ததைவிட நன்றாகவே செய்தது. ஊசிகளை பவி ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கும் இடத்துக்குக் கீழே வைத்திருந்தாள். மருமகளுக்கு ரத்தம் ஊறுகிறது என்று மாமியாருக்குச் சந்தோஷம். கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் ஆனதும் ஊசியின் மகிமைதான் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார். ஆறாம் மாதம் தாண்டியது. ஏழாம் மாதத்தில் வளைகாப்பு என்று நாள் பார்த்தார்கள்.

அந்தச் சமயத்தில் பவியின் நாத்தனார் ரேகா தாய் வீட்டுக்கு வந்தாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவள். அவளும் நான்கு மாதம். முகம் வெளுத்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் படுகிறது, டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றாளாம். இரண்டு நாள் இருந்துவிட்டுக் காலையில் பஸ் ஏறினாள்.

அன்று மதியம் நான் ஆபீஸ் சாப்பாட்டு அறையில் டப்பாவைத் திறக்கும்போது பவி கூப்பிட்டாள். குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"அக்கா, ரெண்டு ஊசி காணோம்."

எண்ணிப் பார்த்தாயா என்றேன்.

"நான் எண்ணல. அத்தையே சொன்னாங்க. ரேகாவுக்குக் குடுத்தனுப்பிட்டேன், அவளுக்கும் ரத்தம் ஊறட்டும், நீ ஒன்னும் நெனச்சுக்காதன்னு. சந்தோஷமா சொல்றாங்கக்கா."

எழுந்து மாடிப்படிக்கு வந்தேன். ஏற்கெனவே ரத்தம் கசிகிறவளுக்கு ரத்தம் உறையாத மருந்து. ஒரு ஊசியில் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். ஆனால் நான் ஸ்கேன் அறையில் படுத்துப் பார்த்தவள். பவியும் படுத்துப் பார்த்தவள்.

ரேகாவைக் கூப்பிட்டுச் சொல் என்றேன். சதீஷை விட்டுச் சொல்லச் சொல்கிறேன் என்றாள். அவன் லோடோடு வழியில் இருந்தான், போனை எடுக்கவில்லை. ரேகாவின் வீட்டுக்குப் பக்கத்தில் கிளினிக்கில் வேலை பார்க்கும் ஒரு பெண் சாயந்தரம் வந்து ஊசி போடுவதாகப் பேச்சாம்.

"டேட் முடிஞ்ச ஊசின்னு சொல்லிடலாம்க்கா."

"நாளைக்கு உங்க அத்தை வேற ரெண்டு குடுத்தனுப்புவாங்க. அப்ப என்ன சொல்லுவ?"

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. யாரோ அடுப்படிக்குள் வந்திருக்க வேண்டும். பவி போனோடு வெளியே நடந்தாள். பிறகு சொன்னாள்.

"நீ பெங்களூர்ல இருக்க. நான் இங்க இருக்கேன். நீ அவளுக்குப் போன் பண்ணினா நான் இந்த வூட்ல இருக்க முடியாது. அவ்ளோதான் சொல்லுவேன்."

"அப்ப நீ பண்ணு."

"என்னால முடியாதுக்கா."

வைத்துவிட்டாள். நான் ரேகாவைக் கூப்பிட்டேன். படித்த திமிர் என்று ஊரில் சொல்வது இந்த ஒரு அழைப்பைத்தான்.

ரேகாவோடு நான் அதுவரை கல்யாணத்தில் ஒரு முறை பேசியதோடு சரி. அவள் முதலில் வளைகாப்பு விஷயமாகக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து, எந்தக் கலர் புடவை என்று கேட்டாள். அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதே என்றேன். ரத்தம் ஊறுகிற ஊசி இல்லை அது, ரத்தம் உறையாமல் இருக்கிற ஊசி, உனக்குக் கசிவு இருக்கும்போது அது ஆபத்து என்றேன். எனக்கு ஒரு நோய் இருக்கிறது, அதற்கு இந்த ஊசி போட்டுத்தான் நிலா பிறந்தாள் என்றேன். இத்தோடு நிறுத்தலாம் என்று பார்த்தேன்.

"அப்ப பவி எதுக்குப் போடுறா?"

நான் பதில் சொன்னேன்.

தொற்றாது, கெட்ட வியாதி இல்லை, பவியால் வந்ததும் இல்லை என்று நான்தான் சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் ரேகா சொன்னாள், "அம்மாகிட்ட சொல்லியாவணும்க்கா. எங்க தெருவுலயே இன்னும் ரெண்டு பேரு முழுகாம இருக்காங்க. எங்கம்மா யாருக்கு வேணா எடுத்துக் குடுத்துடும்."

அவள் சொன்னதில் தப்பு இல்லை.

6

மறுநாள் பவியின் மாமியார் இரண்டு பெரியவர்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நோயை மறைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டீர்கள் என்றார். நல்ல ரத்தமா கெட்ட ரத்தமா என்று பார்த்துத்தான் மாடே பிடிப்போம், நீங்கள் எங்கள் பிள்ளை தலையில் கட்டிவிட்டீர்கள் என்று பெரியவர்களில் ஒருவர் சொன்னாராம். அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெயிலிலும் கம்பியிலும் உழைத்து ஒரு பெண்ணை இஞ்சினியர் ஆக்கியவர், அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி அவரைத் தலை குனிய வைத்தார்கள். அதை மட்டும் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

பவியைத் தாய் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். வளைகாப்பு அவர்கள் வீட்டில் நடக்கவில்லை. எங்கள் வீட்டில் அம்மா நாலு பெண்களைக் கூப்பிட்டுச் செய்தாள். கண்ணாடி வளையல் இறுக்கமாக ஏற்றினால் ஊசி மருந்து போடுகிறவளுக்குக் கை கன்றிப்போகும், ஒரு அளவு பெரிதாகப் பார்த்து வாங்கு என்று சொல்லத்தான் அம்மாவைக் கூப்பிட்டேன். டிக்கெட் எடுத்திருப்பதாகவும் சொன்னேன்.

"வராதடி. நீ வந்தா அவ கையையே நீட்ட மாட்டாளாம்."

டிக்கெட்டை ரத்து செய்தேன். அன்றைக்கு ஆபீஸுக்குப் போய் வழக்கம்போல வேலை பார்த்தேன். கன்னடக்காரத் தோழி ஒருத்தி ஊருக்குப் போவதாகச் சொன்னாயே என்றாள். விசேஷம் தள்ளிப்போய்விட்டது என்றேன். நானும் ஒரு பொய் சொல்லி வைத்தேன்.

பவி ஊசியை ஒரு நாளும் விடவில்லை. இனி மறைக்க ஒன்றும் இல்லாததால் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தே போட்டுக்கொண்டாள் என்று அப்பா சொன்னார். சதீஷ் வாரம் தவறாமல் வந்து பார்த்தான். தர்மபுரி ஆஸ்பத்திரியில் பையன் பிறந்தான். ஆண் பிள்ளை என்றதும் ரத்தம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மாமியாரே வந்து, தன் மகனைப் போலவே மூக்கு என்று சொல்லித் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனார். சாமி புண்ணியம் என்று எல்லோரிடமும் சொல்கிறாராம். சொல்லட்டும். சாமிக்குப் போகிற பேரை நான் கேட்கவில்லை.

பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. அப்பா தன் கைப்பேசியில் எடுத்த ஒரு படம் அனுப்பினார், பாதியை விரல் மறைத்திருந்தது. நிலாவிடம் காட்டி உன் தம்பி என்றேன். பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். பவிக்கு நான் அனுப்பிய எந்தச் செய்திக்கும் பதில் இல்லை. அக்கா ஊரான் வீட்டுப் பெண்ணைக் காப்பாற்றினாள், என்னை விட்டுவிட்டாள் என்று அம்மாவிடம் சொன்னாளாம். இதை அம்மா என்னிடம் ஒப்பிக்கும்போது அவள் குரலில் வருத்தம் இருந்ததா, ஆமோதிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அதே இடத்தில் நின்றால் அதே அழைப்பை மறுபடியும் செய்வேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அது சரி என்பதால் என் தூக்கம் திரும்ப வந்துவிடவில்லை.

போன வாரம் ரேகா கூப்பிட்டாள். அந்த மதியத்துக்குப் பிறகு இதுதான் முதல் முறை. அவளுக்குக் கசிவு நின்று, பெண் குழந்தை பிறந்து ஒரு மாதமாகிறதாம். பின்னால் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. சுற்றி வளைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள். அவள் கம்பெனியில் கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு இரண்டு கலைந்துவிட்டதாம், இரண்டாவது ஐந்து மாதத்தில். மாமியார் வீட்டில் விரட்டப் பார்க்கிறார்களாம்.

"அந்த டெஸ்ட் பேரு என்னன்னு சொல்லுங்கக்கா. மெதுவா சொல்லுங்க."

மூன்று பரிசோதனைகள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். திருப்பிச் சொல்லிக் கேட்டாள். ஒரு தடவை வந்தால் போதாது, மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்க்கச் சொல் என்றேன். சரி என்றாள். போனை வைக்காமல் இருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் இதெல்லாம் கேட்டேன்னு பவிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா. அம்மா காதுக்குப் போயிடும்."

சொல்ல மாட்டேன் என்றேன். பவி என்னோடு பேசுவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. நானும் சொல்லவில்லை.